கண் வந்திருக்கு, கிளம்பி வாங்க

அத்தைக்கு அந்த போன் வந்தபோது ராத்திரி எட்டரை மணி இருக்கும். 2014, ஆவணி மாதம். மதுரை கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினார். "கண் வந்திருக்கும்மா, நாளைக்குக் காலைல கிளம்பி வந்துருங்க" என்றார், அவ்வளவுதான். அத்தை சுவரைத் தடவிக்கொண்டே போய் சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு அள்ளிப் பூசிக்கொண்டாள். சாத்திக்கொண்டிருந்த மளிகைக் கடையை நிறுத்தச் சொல்லி அப்பா ரவையும் சீனியும் வாங்கிவந்தார். அம்மா கேசரி கிண்டினாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தோம், எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, கண் வந்திருக்காம், கண் வந்திருக்காம்.

எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கரண்ட் வந்திருக்கு, பஸ் வந்திருக்கு என்கிற மாதிரி கண்ணும் வந்திருந்தது. அதே ராத்திரி வேறொரு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே யாரோ அழுதுகொண்டிருப்பார்கள் என்பது எனக்கு உறைக்க அதற்கப்புறம் ஐந்து வருஷமும் என் அப்பாவின் சாவும் தேவைப்பட்டன. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

அத்தை அப்பாவுக்கு நேர் இளையவள். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர். ஆறு வயதில் மணல்வாரி அம்மை போட்டபோது அவளுக்கு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. சத்தில்லாத பிள்ளைக்கு, குறிப்பாக வைட்டமின் ஏ போதாத பிள்ளைக்கு, அந்த அம்மை வந்தால் கருவிழி புண்ணாகி, ஆறும்போது வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். அதைத்தான் நம் ஊரில் பூ என்கிறோம். அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விட்டது, பின்னால் டாக்டர்களும் அதில் ஆபரேஷன் செய்து பெரிய பலன் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமா இறந்தது, வயல் வேலை எல்லாவற்றையும் வலது கண் ஒன்றை வைத்துத்தான் அவள் கடந்து வந்தாள்.

அந்த வலது கண்ணில்தான் 2013 தை அறுவடையில், களத்தில் தூற்றிக்கொண்டிருந்தபோது, நெல் ஒன்று தெறித்து அடித்தது. முந்தானையை உருட்டி ஊதி ஒற்றடம் கொடுத்துக்கொண்டு அன்றைக்கு வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தாள். மறுநாள் பக்கத்து ஊரில் நாக்கால் தூசி எடுக்கும் ஒரு பாட்டியிடம் போனாள். அடுத்த நாள் யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பால் விட்டாள். நாலாம் நாள் மருந்துக்கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டதும் சிவப்பு சட்டென்று குறைந்தது, வீடே நிம்மதியானது. அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. சிவப்பைத்தான் அது அடக்கியது, அடியில் இருந்த பூஞ்சைக்கு அது விருந்து. பத்து நாளில் கருவிழி நடுவில் வெள்ளையாக, பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு புண்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது வயல் வேலை செய்கிறவர்கள் இருந்தால், தயவு செய்து, கண்ணில் நெல்லோ சோளத் தோகையோ கரும்புச் சோகையோ பட்டு மறுநாளும் உறுத்தினால் நேராகக் கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணுக்குப் பெரிய காரணமே பூஞ்சைதான். ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர், மண்ணிலும் வைக்கோலிலும் சாதாரணமாகக் கிடப்பவை. மதுரையில் அத்தையின் புண்ணைச் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "நூல் நூலா தெரியுது, பூஞ்சைதான்" என்றார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் நாட்டாமைசின் சொட்டு மருந்தை மணிக்கு ஒரு தரம் விட வேண்டும், ராத்திரி உட்பட. அதே 2013-இல்தான் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. வோரிகோனசோல் என்ற புது மருந்தைவிட இந்தப் பழைய நாட்டாமைசினே நன்றாக வேலை செய்கிறது, அதுவும் ஃபியூசேரியத்துக்கு, என்று கண்டுபிடித்தது அந்த ஆய்வு. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. அலாரம் வைத்து எழுந்து மருந்து விட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் புண் ஆறியது, பார்வை போயிருந்தது. இப்போது இரண்டு கண்ணிலும் பூ.

அடுத்த ஒன்றரை வருஷம் அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது தெரியும், ஆள் நிழல் தெரியும், அதற்கு மேல் இல்லை. கண் தெரியாமல் போவது ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. அத்தை மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அம்மாவைக் கொல்லைக்குக் கூட்டிப் போக, குளிக்க வைக்க, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக என்று முதலில் வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டாள், அப்புறம் இரண்டு நாள், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. எங்கள் அம்மா ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் வேலை பார்த்தாள். அப்பா அத்தையின் நிலத்தையும் சேர்த்துப் பார்த்தார். அத்தை அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள், சோற்றில் கல் கிடந்தது என்று அப்பா சாதாரணமாகச் சொல்லிவிட்டு எடுத்துப் போட்டார், அதற்கு உட்கார்ந்து அப்படி அழுதாள். எங்கள் வீட்டில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவது எப்போதும் அவள் வேலை.

சரி, அந்த போனுக்கு அப்புறம் அத்தைக்குச் செய்த கருவிழி மாற்று ஆபரேஷன் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இன்றும் முழுக் கண்ணையும் தோண்டி எடுத்து இன்னொருவருக்கு அப்படியே வைப்பதாகத்தான் நினைக்கிறார்கள். கருவிழி என்று பெயர் வைத்திருந்தாலும் அது கறுப்பு இல்லை. கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி மாதிரி கண்ணுக்கு முன்னால் இருக்கும் நிறமே இல்லாத தெளிவான படலம், அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ரத்தம் ஓடாததால் உடம்பின் காவல்காரர்களுக்கு இந்தப் பக்கம் வேலை குறைவு, அதனால்தான் ரத்த வகைகூடப் பார்க்காமல் பெரும்பாலும் யாருடையதையும் யாருக்கும் வைக்க முடிகிறது. தழும்பு விழுந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்கு இறந்தவர் ஒருவரின் தெளிவான படலத்தை வைத்துத் தைப்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூல். அத்தைக்குப் பதினாறு தையல்.

அந்தப் படலத்தின் அடியில் ஒரே வரிசையாகச் சில செல்கள் இருக்கின்றன, உள்ளே ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. நின்றால் கண்ணாடி வேர்த்துப்போன மாதிரி மங்கிவிடும். மனிதர்களில் அந்தச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மூச்சு நின்ற பிறகு அவை ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும், அதனால்தான் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். கண் வங்கியில் அவற்றை எண்ணிப் பார்த்துத்தான் யாருக்கு வைக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

இன்னொன்று, விழித்திரை கெட்டவர்களுக்கும், கண் நரம்பு பட்டுப்போனவர்களுக்கும், கண் பிரஷர் நோயில் (கிளாக்கோமா) பார்வை போனவர்களுக்கும் இந்த ஆபரேஷன் உதவாது. முன்னால் இருக்கும் கண்ணாடி மட்டும் கெட்டவர்களுக்குத்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டுப் பிரித்ததும் அத்தை எல்லாரையும் பார்த்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மறுநாள் கட்டை எடுத்தபோது புகைக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டரின் விரலை எண்ணச் சொன்னார்கள், எண்ணினாள், அவ்வளவுதான். அப்புறம் மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தெளிந்தது. தையலை ஒரே நாளில் பிரிக்க மாட்டார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொன்றாக எடுத்தார்கள், கடைசியில் கண்ணாடி போட்ட பிறகுதான் சரியான பார்வை. நாலாவது மாதம் என்று நினைக்கிறேன், மதுரை மாட்டுத்தாவணியில் நான் டீ வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் அவளே போர்டைப் படித்துவிட்டு எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அத்தை மகள் ஒரு வருஷம் பிந்திப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினாள். இன்றைக்கு அவள் நர்ஸ்.

அப்பா கார்டில் கையெழுத்துப் போட்டது அதற்கு அடுத்த வருஷம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவார விழா என்று நாடு முழுக்க நடத்துவார்கள், அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு முகாம் நடந்தது. "என் தங்கச்சிக்கு எவரோ குடுத்தாருல்ல, அந்தக் கடன் இருக்கு" என்று சொல்லிப் பெயர் கொடுத்தார். கார்டை ரேஷன் அட்டைக் கவருக்குள் சொருகி வைத்தார். என்னிடம் ஒரு தரம் காட்டினார். அம்மாவிடம் சொன்னாரா என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

2019 ஐப்பசியில், விடிகாலை மூன்றே முக்காலுக்கு, அப்பா வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். இதய நோய், எதிர்பார்த்ததுதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எதிர்பார்த்தால் மட்டும் என்ன. தாடைக்குத் துணி கட்டி, கால் பெருவிரலைச் சேர்த்துக் கட்டி, விளக்கேற்றி, ஒவ்வொருவருக்காக போன் போட்டு, தம்பி மஸ்கட்டில் இருந்தான், அவனிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. நாலரை மணி வாக்கில் ரேஷன் அட்டை தேவைப்படும் என்று யாரோ கேட்க, பீரோவைத் திறந்தேன். கார்டு விழுந்தது.

ஒரு விஷயம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கார்டு ஒரு விருப்பம், அவ்வளவுதான். நடைமுறையில் வீட்டார் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் கண்ணை எடுக்க மாட்டார்கள். கார்டே இல்லாவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் எடுப்பார்கள். அதாவது, கண் தானம் செய்வது செத்தவர் இல்லை. அழுதுகொண்டிருக்கும் அம்மாவும் தங்கையும் பிள்ளையும்தான், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள், வாழ்க்கையிலேயே எதையும் முடிவு செய்யத் தெம்பில்லாத ஒரு ராத்திரியில். உயிரோடு இருக்கும்போது ஆயிரம் பேர் பெயர் கொடுக்கிறார்கள், வீட்டில் சொல்வதில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் கொல்லைப் பக்கம் போய் கண் வங்கிக்கு போன் போட்டேன். தூக்கத்தில் இருந்து எழுந்த குரல், ஆனால் நிதானமாகப் பேசினார். எத்தனை மணிக்கு இறந்தார், வயது என்ன, எதனால், காய்ச்சல், மஞ்சள் காமாலை, நாய்க்கடி ஏதாவது உண்டா என்று கேட்டார். அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை இருக்கிறது, கண்புரை ஆபரேஷன் செய்தவர், கண்ணாடி போடுவார், எடுப்பீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் தடையே இல்லை என்றார். வெறிநாய்க்கடி, எச்ஐவி, ஈரல் அழற்சி பி, சி, ரத்தத்தில் கிருமி பரவி இறந்தது, சில ரத்தப் புற்றுநோய் இவற்றுக்குத்தான் எடுக்க முடியாதாம். "ஃபேனை நிறுத்திருங்க, கண் இமையை மூடி மேல ஈரப் பஞ்சு வைங்க, தலைக்கு ஒரு தலையணை குடுத்து உயர்த்தி வைங்க. வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்க, ஒரு மணி நேரத்துல வந்துருவோம். அவசரப்படுத்தலை" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உள்ளே வந்து ஃபேனை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன்.

முதலில் பேசியவர் பெரியப்பா. "அடுத்த பிறவியில கண்ணு இல்லாமப் பொறப்பான், வேணாம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, அவருக்கு அது நிஜமான பயம், தம்பி மேல் இருந்த பாசம். பக்கத்தில் இருந்த கோயில் பூசாரித் தாத்தாதான் மெதுவாகக் கேட்டார், "கண்ணப்பரு தன் கண்ணைத் தோண்டி அப்புனாரே, அவரைச் சாமி குருடாவா விட்டுச்சு? நில்லு கண்ணப்பான்னு கையைப் பிடிச்சு வலது பக்கத்துல நிப்பாட்டிக்கிச்சே" என்று. பெரியப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. அம்மா அப்பாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். "அவரு சொன்னா சரிதான்" என்று மட்டும் சொன்னாள்.

நான் எதிர்பார்க்காதது அத்தையை. அவள்தான் முதலில் சரி என்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான், அப்பாவின் தலையைக் கட்டிக்கொண்டு, "எங்க அண்ணன் கண்ணைத் தொடாதீங்க, அவரு என்னை இந்தக் கண்ணால பார்த்துப் பார்த்து வளர்த்தாரு, யாரும் தொடாதீங்க" என்று கத்தினாள். வேறொருவருடைய கருவிழியால் என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். அந்த நேரத்தில் எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது, உள்ளபடி சொல்கிறேன். நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். அழுது ஓய்ந்து அத்தை சுவரில் சாய்ந்தாள். அப்புறம் தன் வலது கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள், ரொம்ப நேரம். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு ராத்திரி போன் வந்துச்சே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முடிக்கவே இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வரச் சொல்லுத்தா" என்றாள்.

ஆறே கால் மணிக்கு வந்தார்கள். இரண்டே பேர், ஒரு பெட்டி. வந்ததும் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றார்கள், எனக்கு அழுகை அங்கேதான் வந்தது. படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள், சாட்சிக்குப் பெரியப்பாவே போட்டார். சேலையை மறைப்பாகக் கட்டினோம். இருபது நிமிஷம். முழுக் கண்ணை எடுக்கவில்லை, கருவிழியையும் சுற்றி ஒரு சின்ன வெள்ளை ஓரத்தையும் மட்டும்தான். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். மறைப்பை விலக்கியபோது அப்பா தூங்குகிற மாதிரியே இருந்தார். அப்பாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்து மறுநாள் தம்பி வரும்வரை காத்திருந்தோம். அவன் வந்து அவர் முகத்தோடு முகம் வைத்து அழுதான், எடுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். பணம் என்று ஒரு பைசா யாரும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கண்ணை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

இதோடு கதை முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் அத்தையின் கண் செக்கச்செவேல் என்று இருந்தது. அழுத கண் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வெளியில் வந்தால் கூசுகிறது என்று நிழலிலேயே உட்கார்ந்திருந்தாள். தற்செயலாக நான் மருந்தைப் பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது, தினம் ஒரு சொட்டு விட வேண்டிய மருந்தை அப்பா இறந்த அன்றைக்கு நிறுத்தியவள் அப்புறம் தொடவே இல்லை. சாவு வீட்டில் யாருக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கே காரில் மதுரைக்குக் கூட்டிப் போனேன். உடம்பு அந்தப் படலத்தை வேற்று ஆளாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டது என்றார்கள். ஐந்து வருஷம் கழித்தும் அப்படி நடக்கலாம், பத்து வருஷம் கழித்தும் நடக்கலாம். கண் சிவப்பது, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, வலி, இந்த நாலில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஓட வேண்டும், நாளைக்கு என்று தள்ளவே கூடாது. முதலில் அவள் கண்ணைக் கெடுத்த அதே வகை ஸ்டீராய்டு மருந்துதான் இப்போது மணிக்கு ஒரு தரம் விட்டு அவள் கண்ணைக் காப்பாற்றியது. டாக்டர் பார்த்துக் கொடுப்பதற்கும் நாமாகப் போய்க் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

மூன்று வாரம் போக வர இருந்தோம். வராந்தாவில் காத்திருந்த நேரங்களில் போனில் எதையாவது படித்து அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். உலகத்தில் முதன்முதலாக வெற்றி பெற்ற கருவிழி மாற்று 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைக்குச் செக் குடியரசில் இருக்கும் ஓலோமௌட்ஸ் ஊரில், எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர் செய்தது. சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு, விபத்தில் அடிபட்டுக் கண்ணை எடுக்க வேண்டிவந்த பதினொரு வயதுப் பையனின் கருவிழியை வைத்தார். இரண்டில் ஒன்று தெளிவாக நின்றது, அந்த ஆள் வேலைக்குத் திரும்பினார். அத்தை சுண்ணாம்பையும் விட்டுவிட்டாள், வேலையையும் விட்டுவிட்டாள். "பதினோரு வயசுப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

நம் நாட்டில் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்தையா தொடங்கியது, அந்த ஆஸ்பத்திரியே 1819-லிருந்து இருக்கிறது என்று சொன்னேன். "மெட்ராஸ்லயா!" என்று சந்தோஷப்பட்டாள். இலங்கையில் கண் தான சங்கத்தை 1961-இல் தொடங்கிய டாக்டர் ஹட்சன் சில்வா, அதற்கு முந்தைய வருஷம் தன் தாய் இறந்தபோது அவர் கண்ணை ஓர் ஏழை விவசாயிக்கு வைத்தார், அப்புறம் அந்தச் சின்ன நாட்டிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண்கள் போயின என்று சொன்னபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த தாய் கண்ணையா? கை நடுங்கியிருக்காதா அவருக்கு?" முன்பெல்லாம் யாருக்குப் பார்வை வந்தது என்றுதான் கேட்பாள். இப்போது கொடுத்தவர்கள் பக்கம்தான் அவள் மனசு முதலில் போகிறது. அவளுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டுப் பார்த்தாள், சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை, அதுதான் சரியும்கூட. அந்த ஆவணி நாளில் வருஷா வருஷம் ஒரு விளக்கு ஏற்றுகிறாள். பெயர் தெரியாதவருக்கு ஒரு திதி.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தபோது, அவருடைய இரண்டு கருவிழிகளையும் முன்பக்கம், பின்பக்கம் என்று அடுக்காகப் பிரித்து நாலு பேருக்கு வைத்தார்கள் என்று டிவியில் சொன்னார்கள். 2006-இல் அவர் அப்பா ராஜ்குமாரும் கொடுத்தவர்தான். முன்பு முழுக் கனத்தையும் மாற்றுவார்கள், இப்போது எந்த அடுக்கு கெட்டதோ அதை மட்டும் மாற்றவும் முடிகிறது. புனீத்துக்கு அப்புறம் கர்நாடகத்தில் கண் தானத்துக்குப் பெயர் கொடுக்கக் கூட்டம் கூடியது. அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அப்பாவுது ரெண்டு பேருக்குத்தான?" என்றாள். ரெண்டு பேருக்கு என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

அந்த ரெண்டு பேர் விவரம் வந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அத்தைக்குக் கண் தெளிந்து நாங்கள் மதுரையிலிருந்து திரும்பின வாரம், கண் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் குடும்பம் கொடுத்த கருவிழிகள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன, நன்றி, அவ்வளவுதான், ஊர் பெயர் எதுவும் இல்லை. ராத்திரி ஒன்பது மணி. அத்தைக்கு மருந்து விடுவதை அம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தாள், இன்று வரை அவள்தான் விடுகிறாள். அத்தை அம்மாவின் மடியில் தலை வைத்து மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் கடிதத்தைப் படித்தேன். சொட்டு விழுந்ததும் அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் மதினி, அவங்க வீட்டுலயும் அன்னைக்கு ராத்திரி கேசரி கிண்டியிருப்பாங்கள்ல?"

அம்மா புட்டியை மூடிவிட்டு, அத்தையின் கன்னத்தில் வழிந்த மருந்தைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

"கிண்டியிருக்கட்டுமே" என்றாள்.